பதினொண்ணும் ஒழுகுதா

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் கம்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சுவரைக் குத்தினதற்கு, "உனக்கு என்னம்மா புத்தி கித்தி கெட்டுப்போச்சா"ன்னு போனில் கத்தினாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை சாமி. போனில் பேசினால் நீ முந்திக்கொள்வாய், எனக்கு நடுவில் அழுகை வந்து பேச்சு போய்விடும். அதுவும் இல்லாமல் நீ போனை எப்போதும் சத்தமாக வைத்துப் பேசுகிறவன், பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று இங்கே எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறது, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. அப்பா போனதிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பால்காரன் தண்ணி கலக்கிறான், பக்கத்து எஸ்டேட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போடுகிறான், இப்படித் தினம் ஒன்று தோன்றும். சாயங்காலத்துக்குள் அதுவே கரைந்தும் போய்விடும். உன்மேல் வந்திருக்கிற சந்தேகம் மட்டும் கரையவில்லை. பின்சுவரில் இருந்த பைப்புகளை அடைக்கச் சொன்னது நீயா, தெரிந்துதான் சொன்னாயா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேணும். அதற்கு முன்னால் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். என்னை விட்டுவிட்டு உன்னை மட்டும் கேட்டால் அது நியாயமில்லை.

தை மாதம் அப்பாவை எடுத்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கிறதுக்குள்ளேயே நீ சொல்லிவிட்டாய், "தனியா இங்க இருக்க முடியாதும்மா, வித்துட்டு ஓசூருக்கு வந்துரு" என்று. நான் சரி என்றுதான் சொன்னேன். நீ என்னைத் துரத்தினதாக யாரிடமும் நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். முட்டி வலியோடு இந்தப் படியில் எத்தனை நாளைக்கு ஏறி இறங்குவேன். பனி இறங்கினால் துணி காய எட்டு நாளாகிறது. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழட்டி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூட வந்த புரோக்கர் ஒருத்தர் போகிறபோது, "ஊடு நல்லா கெட்டியான ஊடுதாங்க. ஆனா உள்ள வந்தா எழவு ஊட்டுக்கு வந்தாப்ல இருக்குதுங்க"ன்னு சொன்னார். நான் அதை உன்னிடம் சொன்ன மறுவாரம் நீ ப்ரீத்தியை அனுப்பினாய். வீட்டை ஜோடித்துக் காட்டுகிறதுக்கு என்றே ஆள் இருக்கிறார்கள், அப்போதுதான் விலை போகும் என்றாய். "பொண்ணு பாக்க வரப்போ புள்ளைக்கு ஜோடிக்கிறாப்லயா கண்ணு"ன்னு கேட்டேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று கீழே எழுதுகிறேன்.

அந்தப் பெண் சேலத்திலிருந்து வண்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தாள். பேன்ட் போட்ட சின்னப் பெண், வாய்க்கு வாய் ஆன்ட்டி. எனக்கு முதல் நாளே அவளைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ரூமாகப் போய் போட்டோ எடுத்தாள், அலமாரியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே யோசனை. என் புடவை மூட்டையின் முடிச்சை வலப்பக்கமாகத் திருப்பிப் போட்டு அடையாளம் வைத்தேன், யாராவது பிரித்தால் தெரியட்டும் என்று. கரண்டி எல்லாம் எண்ணி வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு கரண்டி குறைந்தது. "ஏம்மா, எங்க ஊட்டு எவர்சில்வர் கரண்டி உங்க பையோட வந்துருச்சா பாரு"ன்னு கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செத்துப்போய்விட்டது. பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். கடைசியில் பார்த்தால், வாசலில் அவள் வைத்த பூத்தொட்டிக்கு மண் அள்ளிப் போட்டு நான்தான் அதைத் தொட்டியிலேயே குத்தி வைத்திருக்கிறேன். புடவை மூட்டை முடிச்சும் நான் போட்டது போட்டபடியே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு என்னை நீ நம்ப மாட்டாய்.

அவள் செய்த வேலையைச் சொல்ல வேணும் என்றால் நொம்ப நன்றாகத்தான் செய்தாள். பாச்சை உருண்டை வாசனை போகிற வரைக்கும் கதவு ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெள்ளைத் திரை போட்டாள். யாராவது வருகிறார்கள் என்றால் அரைமணி முன்னாலேயே ஒரு சட்டியில் காப்பித்தூளைக் கொதிக்க விட்டாள், குடிக்கிறதுக்கு இல்லை, வாசனைக்கு. ரோட்டோரம் சும்மா முளைத்துக் கிடக்கிற பெரணிச் செடியைத் தொட்டியில் வைத்துக் காசு கொடுத்துச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மூங்கில் நாற்காலியில் ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தைத் திறந்த மேனிக்குக் கவிழ்த்து வைத்தாள். அரிசி கொண்டுவந்து இறக்க வந்த காதர் பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எத்தனாம் பக்கம் படிச்சிருக்கீங்க?" என்றார். "பாய், நீங்க வேற."

"இல்லீங்கக்கா, சினிமா ஊடாட்டம் இருக்குதுங்க. டிக்கெட்டு வாசல்லயா உள்ளயா?" என்றவர், சேலத்திலிருந்து வந்த சோபாவில் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். "அன்னிக்கு எங்க ஊட்டு சோபாவத் தூக்கிட்டு வந்தீங்க. இன்னிக்குச் சேலத்து சோபா. நம்ம பையன் பெரிய ஆளாயிட்டானுங்க" என்றார். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அப்பா போட்டோவை எடுக்கணும் என்று ப்ரீத்தி சொன்ன அன்றைக்கு நான் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மாலை போட்ட படமும் விளக்கும் இருந்தால் வாங்க வருகிறவர்கள் மனசு ஒரு மாதிரி ஆகுமாம். நியாயம்தான். நானே கழட்டி, மாலையை எடுத்து, துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் என் கல்யாணப் புடவைமேல் வைத்தேன். ஆணி அடித்த இடத்தில் அவள் ஏதோ மலைப் படம் மாட்டினாள். வெளியே பார்த்தால் மலை, உள்ளே எதற்கு மலை என்று தெரியவில்லை. அது போகட்டும். முன்பக்கம் சின்ன மேசை போட்டு, அதில் ஒரே மாதிரி நீலக் கோடு போட்ட இரண்டு கப்பைச் சாஸரோடு வைத்தாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "யாரோ ரெண்டு பேர் இப்பதான் காபி குடிச்சிட்டு எழுந்து போன மாதிரி இருக்கணும் ஆன்ட்டி" என்றாள். அப்பா இருந்தபோதுகூட இந்த வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கப்பு இருந்ததில்லை. அவருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காது உடைந்த பீங்கான். தினமும் அந்தக் கப்புகளைத் துடைத்து, அவள் சொன்ன மாதிரியே கைப்பிடி வெளிப்பக்கம் பார்க்க வைத்தேன்.

பெயிண்ட் அடிக்கிற இரண்டு நாளும் தூசி என்று சொல்லி என்னைக் கிளியூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினீர்கள். எனக்கு அப்போதே ஒரு நினைப்பு. தூசியிலேயே குடித்தனம் பண்ணினவள் நான், கொத்தனார் பெண்டாட்டி. என்னை ஏன் அனுப்புகிறார்கள்? சித்திகூடக் கேட்டாள், "ஏன்க்கா, உனக்குத் தெரியாம கையெழுத்து கிய்யெழுத்து வாங்கிருவாங்களா" என்று. அவளை வைதேன். மனசுக்குள் நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் வைதேன். திரும்பி வந்து பார்த்தால், பின்னால் அப்பா கட்டின கல்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி வெள்ளை அடித்திருந்தது. பழுப்புக் கறை, பாசி, ஒன்றும் இல்லை. வரிசையாகக் கொக்கி போட்டுப் பெரணித் தொட்டி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷமாக இருந்தது கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். அப்பா பார்த்திருந்தால் யாருடைய வீடு இது என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நாம் மூன்று பேரும் அதை வாய்விட்டுப் பேசினதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தி, கவிதா வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது பின்னால் மண் மேடு நம் வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. மழை விட்டுப் பத்து நாளானாலும் உன் ரூமின் பின்சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி நிற்கும். காதர் பாய் வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போட்டோம். சாம்பிராணி போட்டோம். ஈரச்சுவரை மறைக்க பீரோவை நகர்த்தலாம் என்றது நான்தான். உன் அப்பா, "சொல்லிறலாம் புள்ள. மலையில ஊடுன்னா ஈரம் இருக்காதா? சரி பண்ணித் தர்றேன்னு சொல்லிப் போடலாம்" என்றார். "நீங்க வாயத் தொறந்தீங்கன்னா இந்தச் சம்பந்தம் போச்சு. அப்புறம் உங்க புள்ளைக்கு நீங்களே பொண்ணு தேடிக்கங்க"ன்னு சொல்லி அவர் வாயை அடைத்தேன். பீரோவின் ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொரு முனையைப் பிடித்தது நீ. கடைசியில் உனக்குக் கை வழுக்கி, ஒரு கால் தரையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது.

கல்யாணம் ஆகி வந்த முதல் மழைக்கே கவிதாவின் கூரைப்புடவை பீரோவுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. அரக்குப் பட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். அழவில்லை, அதுதான் எனக்கு இன்னமும் கண்ணிலேயே இருக்கிறது. "செவுரு ஈரமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம், "அம்மாவுக்கு எப்பிடிக் கவிதா தெரியும், அங்க எப்பவும் பீரோதான இருக்குது" என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. என் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று உச்சி குளிர்ந்துபோனது. பெற்றவள் செய்யக்கூடாத காரியம் அது. பொய்யை நான் சொன்னேன், அதற்கு முட்டுக்கொடுக்க உன்னைப் பழக்கினேன். உன் அப்பா வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நம் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அந்தக் கோடை முழுக்க, எஸ்டேட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் மண் மேட்டை ஆறடி தள்ளி வெட்டி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைத்துச் சுவர் கட்டினார். லீவுக்கு வந்தபோது நீயும் கல் எடுத்துக் கொடுத்தாய். பதினோரு இடத்தில் பைப்பு விட்டார். மேட்டுக்குள் இறங்குகிற மழைத் தண்ணி அதன் வழியாக வெளியே வந்துவிட வேணும், இல்லாவிட்டால் சுவருக்குப் பின்னாலேயே தேங்கித் தேங்கி ஒரு நாள் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று உன்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். தலைச்சோலைப் பக்கம் அந்த மாதிரி விழுந்த சுவர் ஒன்றைக் காட்டவும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் வருஷா வருஷம் நீளக் கம்பியை விட்டு ஒவ்வொரு பைப்பையும் குத்திவிடுவார். மழை பெய்த மறுநாள் காலையில் டீ டம்ளரோடு போய் எல்லாம் ஒழுகுகிறதா என்று எண்ணிப் பார்ப்பார். கடைசி வருஷம் எழுந்து நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தபோதும், மழை விட்டதும் அவர் கேட்கிற முதல் பேச்சு, "பதினொண்ணும் ஒழுகுதா புள்ள?" நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒழுகுதுங்க" என்று சொன்ன பிறகுதான் டீயை வாயில் வைப்பார்.

இப்போது சொல். புரட்டாசி மழை பிடித்து, விடாமல் இரண்டு நாள் பெய்து விட்டது. மூன்றாம் நாள் காலையில் பழக்கத்தில் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சத்தமே இல்லை. எப்போதும் சொட்டுச் சொட்டென்று வாய்க்காலில் விழுகிற சத்தம் இருக்கும், கேட்டுக் கேட்டு அது காதில் இருப்பதே தெரியாது. இல்லாதபோதுதான் தெரிந்தது. பெரணித் தொட்டியை ஒதுக்கிக் கையால் தடவினேன். பைப்பு வாய் ஒவ்வொன்றும் சிமெண்ட் வைத்து மூடி, மேலே வெள்ளை அடித்திருந்தது. பதினொன்றும். ப்ரீத்திக்கு போன் போட்டேன். "சார்தான் ஆன்ட்டி சொன்னாங்க. போட்டோ பாத்துட்டு, அந்த ஒழுகுற கறை வெளிய தெரியக்கூடாதுன்னாங்க" என்றாள். கறை தெரியக்கூடாது என்றாயா, பைப்பை அடை என்றாயா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு ஒன்றுதான். உனக்கும் ஒன்றுதானா?

உடனே உனக்குப் பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? பின்சுவரில் தண்ணி வரவில்லை கண்ணு என்று நான் ஆரம்பிக்கிறதுக்குள்ளே நீ, "பெயிண்டு காயட்டும்மா, இப்ப அதத் தொடாத. ஞாயித்துக்கிழமை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். யார் பார்த்துக்கொள்வது? ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வீடு வேறு ஆளுடையது. அந்த வார்த்தையிலிருந்துதான் எனக்கு இந்தச் சந்தேகம். நீ ஆபீஸ் அவசரத்தில் எதையோ சொல்லி வைத்தாயா, இல்லை பீரோவின் இன்னொரு முனையை மறுபடி பிடித்துக்கொண்டு நிற்கிறாயா என்று நான்கு நாள் யோசித்தேன். தினமும் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் குளிர்ந்துபோய், லேசாக வயிறு தள்ளின மாதிரி இருந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்றும் இருந்தது. கரண்டி விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்தவள் இல்லையா நான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி, நான்கு வயசில் ஒரு பாப்பா. ப்ரீத்தி உன்னை வீடியோவில் போட்டு போனைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லா இடத்தையும் காட்டினாள், நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். நான் அவர்கள் பின்னாலேயே போனேன், எதைத் தொடுகிறார்கள், எதைப் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே. அந்த மனுஷன் கதவெல்லாம் தட்டிப் பார்த்தார். அந்தப் பெண் வாசலில் இரண்டு கப்பைப் பார்த்து நின்று, "ஏங்க, தெனம் காலையில இங்க உக்காந்து காப்பி குடிச்சா எப்பிடி இருக்குங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது கண்ணு. வீடு முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ப்ரீத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் எல்லாரும் பின்னால் போனோம். பாப்பா ஓடிப்போய், சுவரை ஒட்டிப் போட்டிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் தொங்கின பெரணியை எட்டி எட்டிப் பிடித்தாள். "எனக்கு இந்த எடம்மா, எனக்கு இந்த எடம்" என்றாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏனுங்கம்மா, மழைக் காலத்துல இங்க ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே?"

கவிதா கேட்ட அதே கேள்வி. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் பழகியிருக்கிறது. ப்ரீத்தி என் மூஞ்சியைப் பார்க்கிறாள், போனுக்குள்ளே நீ பார்க்கிறாய். நான் உள்ளே போய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்த அப்பாவின் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். "பாப்பாவக் கொஞ்சம் தூக்கிக்கம்மா"ன்னு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பயந்துபோய்ப் பிள்ளையை வாரிக்கொண்டாள், கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள். முதல் தொட்டியை ஒதுக்கி, வெள்ளை அடித்த இடத்தில் ஓங்கி ஒரு குத்து. சிமெண்ட் பெயர்ந்து, செம்மண் தண்ணி பீய்ச்சிக்கொண்டு வந்தது. என் புடவை, ப்ரீத்தியின் பேன்ட், அந்த மனுஷனுடைய வெள்ளைச் சட்டை, ஒன்று பாக்கியில்லை. பாப்பா மட்டும்தான் கைகொட்டிச் சிரித்தது. போனுக்குள்ளிருந்து நீ அம்மா அம்மா என்று கத்துகிறது எனக்குக் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது குத்தினேன். அந்த மனுஷன் தண்ணி வருகிற வேகத்தைப் பார்த்தார், சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அப்புறம், "குடுங்கம்மா" என்று கம்பியை வாங்கி அவரே குத்த ஆரம்பித்தார். எந்தெந்த இடம் என்று நான் காட்டினேன்.

அவர் பெண்டாட்டிக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "இன்னும் என்னென்னங்கம்மா மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாவற்றையும் காட்டினேன். அடுப்படி ஓட்டில் குரங்கு உடைத்த இடம், கோடையில் கிணற்றில் தண்ணி இறங்குகிற மட்டம், எல்லாம். மலைப் படத்தைக் கழட்டி, ஆணியைக் காட்டி, இங்கே என் வீட்டுக்காரர் படம் இருந்தது, அவர் இந்தக் கட்டிலில்தான் கிடந்தார், இந்தச் சுவரைக் கட்டினவர் அவர்தான் என்று சொன்னேன். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். வருவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது.

ப்ரீத்தி மட்டும் போகவில்லை. சேறு பட்ட பேன்ட்டோடு வாசலில் உட்கார்ந்து, "எனக்கு நெஜமாவே தெரியாது ஆன்ட்டி, கறைன்னுதான் நெனச்சேன். அந்தப் பாப்பா அங்கதான் உக்காந்திருந்துச்சு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நடிக்கிறாளா என்று அப்போதும் ஒரு பார்வை பார்த்தேன், என் புத்தி அப்படி. மேலே பட்ட சேற்றைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. காப்பி போட்டு அந்த நீலக் கோடு கப்பு இரண்டிலும் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். "இது ஷோவுக்கு ஆன்ட்டி" என்றாள். "குடி புள்ள, ஆறிப்போவுது" என்றேன். அப்புறம் அவள்தான் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தந்து, அப்பா படத்தை மறுபடி மாட்டக் கை கொடுத்தாள்.

நீ கத்தி முடித்த மறுநாள், நீ ஆபீஸ் போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கவிதாவுக்கு போன் போட்டேன். உனக்குச் சொல்லாமல் போட்டதற்கு மன்னித்துக்கொள். "கவிதா, அன்னைக்குச் செவுரு ஈரமுன்னு எனக்குத் தெரியும் சாமி. நான்தான் பீரோவ வெச்சு மறைச்சேன்" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "எனக்கு அப்பவே தெரியுமுங்க அத்தை. பீரோவ இழுத்த கோடு தரையில இருந்துச்சுங்களே. தெனமும் தொடைக்கறப்ப பாத்துட்டுத்தான இருந்தேன்." "அப்புறம் ஏன் புள்ள கேக்கல?" "கேட்டனுங்களே. நீங்க தெரியாதுன்னீங்க. அவுரும் எப்பவும் பீரோ அங்கதான்னாரு. மறுநாள் மாமா மம்புட்டிய எடுத்துட்டுப் பின்னால போனாரு பாருங்க, அவருக்காக உட்டுட்டனுங்க" என்றாள். இத்தனை வருஷம், கண்ணு. நாம் இரண்டு பேரும் மறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவள் தினமும் குனிந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டை விற்கிறதில் எனக்கு வருத்தமில்லை. கழுவு, வெள்ளையடி, பூ வை, இரண்டு கப்பு வேணுமானாலும் வை, வருகிறவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும். உன் அப்பாவும் வெள்ளிக்கிழமையானால் வாசல் தெளித்து வைக்கச் சொல்கிறவர்தான். ஆனால் அடுத்தவன் பிள்ளை வந்து உட்காருகிற இடத்தில் இருக்கிற ஆபத்தை மட்டும் பூசி மூடக்கூடாது சாமி. ஈரச்சுவரை மூடினபோது புடவைதான் போனது. இதில் சுவரே வந்திருக்கும்.

பத்து பைப்பு இப்போது ஒழுகுகிறது. ஒன்று மட்டும் திறக்கவில்லை. சிமெண்ட் உள்ளே ஆழமாக இறங்கி இறுகிப்போயிருக்கிறது, அந்த மனுஷனும் முயற்சி பண்ணினார், நானும் பண்ணினேன், முடியவில்லை. காதர் பாய் ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நீ வா. மழை மறுபடி பிடிக்கிறதுக்குள் வா. எது என்று நான் எழுத மாட்டேன், வந்த பிறகும் சொல்ல மாட்டேன். நீ தெரிந்து அடைத்தாயா என்றும் வாய்விட்டுக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ இல்லை என்பாய். அதை நம்புவதா வேண்டாமா என்று மிச்ச நாளெல்லாம் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேணும், ஓசூரில் உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. அது எனக்கு வேண்டாம். நீ பின்னால் போய், அப்பா மாதிரி ஒவ்வொன்றாக எண்ணி, ஒழுகாததை நீயே கண்டுபிடித்துவிட்டால், அவர் சொல்லிக்கொடுத்தது எதுவும் உனக்கு மறக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன். மறக்காமல் அடைத்திருக்கிறாய் என்றும் தெரிந்துகொள்வேன். எங்கேம்மா, எதும்மா என்று என்னைக் கேட்டு நின்றால், மறந்துதான் போனாய். இரண்டில் எது வந்தாலும் எனக்கு வலிக்கத்தான் போகிறது. இருந்தாலும் வா.

மழை விட்டால் இன்னமும் அந்தக் கட்டில் பக்கம் என் காது போகிறது. பத்துதாங்க ஒழுகுது என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன். கவிதாவையும் கூட்டிக்கொண்டு வா. கம்பி அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அம்மா